ஓடுபாதையில் மூன்று நிமிடம்

ஒவ்வொரு பெரிய விமான நிலையத்திலும் பயணிகளின் கண்ணில் அதிகம் படாத ஒரு கூடம் உண்டு. அதன் வாசல்கள் ஓடுபாதையைப் பார்த்திருக்கும். உள்ளே பெரிய தீயணைப்பு வண்டிகள் புறப்படத் தயாராக நிற்கும். எதுவும் நடக்காத நாளே அங்குள்ள ஊழியர்களுக்கு நல்ல நாள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதி கண்டிப்பானது. அபாய அறிவிப்பு வந்த மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த முனைக்கும் முதல் வண்டி போய்ச் சேர வேண்டும். இரண்டே நிமிடத்தில் சேர்ந்தால் உத்தமம். எரிபொருள் பற்றிக்கொண்டால் விமானத்தின் அலுமினியத் தகடு ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்காது என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். எண்ணெய்த் தீயை வெறும் தண்ணீரால் அடக்க முடியாது. மூடி அணைக்க நுரை வேண்டும். துணைக்கு ரசாயனப் பொடியும் வேண்டும்.

பத்து வகை

வந்து போகும் விமானங்களின் நீளத்தையும் உடல் அகலத்தையும் கொண்டு, தீயணைப்பு ஏற்பாடுகள் 10 வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏ.டி.ஆர்.-72 விமானத்துக்கு ஐந்தாம் வகை. ஒரு வண்டி போதும். ஏ-320 என்றால் ஆறாம் வகை, இரண்டு வண்டிகள். இரட்டை மாடி கொண்ட ஏ-380 விமானத்துக்குப் பத்தாம் வகை, மூன்று வண்டிகள்.

ஆள் திறமை

பணம் இருந்தால் வண்டியை வாங்கிவிடலாம். ஆளைத் தயார் செய்வதுதான் கடினம். 1995-ல் உருவான இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு டெல்லியிலும் கொல்கத்தாவிலும் தீயணைப்புப் பயிற்சி மையங்கள் உள்ளன. கனரக வண்டி ஓட்டவும், மூச்சுக் கருவி அணிந்து புகைக்குள் புகவும், விமானக் கதவை வெளியிலிருந்து திறக்கவும் ஊழியர்கள் பழக வேண்டும்.

இதன் அருமையைக் கோழிக்கோடு உணர்த்தியது. 2020 ஆகஸ்டு 7 இரவு, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பியவர்களுடன் வந்த விமானம், மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. அதில் இருந்த 190 பேரில் 21 பேர் இறந்தனர். எரிபொருள் கசிந்தும் தீப்பற்றாதது தெய்வாதீனம். அக்கம்பக்கத்து மக்கள் ஓடிவந்து கைகொடுத்தனர். அந்த ரக விமானத்தைப் பற்றி நிலையத்தின் தீயணைப்பு ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று 2021-ல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அளவில் அவசர ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. அதைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதற்கான சடங்காக்கிவிடக் கூடாது. பணக்காரருக்கு மட்டும் என்றிருந்த விமானத்தில் இன்று கூலி வேலைக்குப் போகிறவரும் ஏறுகிறார். அவர் கொடுக்கும் கட்டணத்தில் இந்த மூன்று நிமிடத்துக்கான விலையும் அடங்கியிருக்கிறது.