காவலனைத் திருடன் என்று நினைத்த 10 ஆண்டுகள்: பி53 புரதத்தின் கதை

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இவருக்கு எப்படி வந்தது?" என்பதுதான். சிகரெட்டைத் தொடாதவர், குடிக்காதவர், விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போய்த் திரும்பியவர். சாப்பாடா, தோட்டத்தில் மருந்து அடித்ததா, யாராவது செய்வினை வைத்தார்களா என்று பேச்சு பல பக்கம் போகும்.

புற்றுநோயை ஆராயும் மூலக்கூறு உயிரியலாளர்கள் இதே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்கிறார்கள். நம் உடலில் கோடானுகோடி உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றின் டிஎன்ஏவில் தினமும் ஏதாவது சேதம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் புற்றுநோய் வருவதில்லை. அதைத் தடுத்து நிறுத்துவது எது? அந்தத் தடுப்பு எப்போது உடைகிறது?

இதற்கான விடையின் பெரும்பகுதி ஒரு சிறிய புரதத்தில் இருக்கிறது. அதன் பெயர் பி53. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு கெட்டுப்போயிருக்கிறது. வேறு எந்த மரபணுவும் இத்தனை வகைப் புற்றுநோய்களில் இவ்வளவு அடிக்கடி பழுதாவதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் லேன். மாணவராக இருந்தபோதே தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1979-ல் லண்டனில் லயனல் கிராஃபர்டுடன் சேர்ந்து, விலங்குகளுக்குக் கட்டி உண்டாக்கும் ஒரு குரங்கு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். வைரஸின் புரதத்தைத் தனியே பிரித்தெடுக்க முயன்றபோதெல்லாம், உயிரணுவுக்குச் சொந்தமான இன்னொரு புரதமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆர்னல்ட் லெவின் குழுவும் வேறு சில குழுக்களும் தனித்தனியே அதைக் கண்டன. ஆய்வுக்கூட அளவீட்டில் அதன் எடை 53 என்று காட்டியதால் பி53 என்று பெயர் வைத்தார்கள். உண்மை எடை 44-க்குப் பக்கம்தான் என்று பிறகு தெரிந்தது. வைத்த பெயரை யாரும் மாற்றவில்லை.

பெயரில் நேர்ந்த பிழை சின்னது. குணத்தைக் கணித்ததில்தான் பெரிய பிழை நடந்தது. கட்டிகளில் இருந்து எடுத்த உயிரணுக்களில் இந்தப் புரதம் குவிந்து கிடந்தது. இதன் மரபணுவை ஆய்வுக்கூட உயிரணுக்களுக்குள் செலுத்தினால் அவை புற்றுநோய் உயிரணுக்களாக மாறின. ஆகவே புற்றுநோயைத் தூண்டும் குற்றவாளி இதுதான் என்று விஞ்ஞான உலகம் ஏறக்குறைய 10 ஆண்டுகள் நம்பியது.

1989-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தது. பி53 மரபணு நமக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகிறது. அவர்கள் பார்த்த கட்டிகளில் ஒரு பிரதி காணாமலே போயிருந்தது. எஞ்சிய பிரதியிலும் எழுத்துப் பிழை இருந்தது. அதே ஆண்டில் லெவின் குழு, கெடாத பி53-ஐ உயிரணுவுக்குள் செலுத்தினால் அது கட்டி உருவாவதைத் தடுக்கிறது என்று காட்டியது. அதாவது, அதுவரை எல்லாரும் ஆய்வு செய்துவந்த மாதிரிகள் பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன பி53. காவலன் கைகால் முறிந்து கிடந்த இடத்தில் அவனையே திருடன் என்று பிடித்து வைத்திருந்தார்கள். 1992-ல் லேன் இதற்கு மரபணுத் தொகுதியின் காவலன் என்று பட்டம் கொடுத்தார்.

இந்தக் காவலன் வேலை செய்யும் விதம் தோட்டத்து மண்டோரை நினைவுபடுத்தும். மண்டோர் தானே மரம் வெட்டிப் பால் எடுப்பதில்லை. யார் எந்த நிரையில் வெட்ட வேண்டும், யார் இன்று நிற்க வேண்டும் என்று பெரட்டில் சொல்வார். பி53-உம் டிஎன்ஏவைத் தானே பழுது பார்ப்பது குறைவு. அது டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, எந்த மரபணு இப்போது வேலை செய்ய வேண்டும் என்று கட்டளை இடுகிறது. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கினால் குழப்பம்தான். எது எப்போது இயங்கும் என்ற இந்த ஒழுங்குதான் மரபணுக் கட்டுப்பாடு.

உயிரணு நலமாக இருக்கும்போது பி53 அதிகம் தேவையில்லை. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை உடனுக்குடன் அழித்துவிடுகிறது. வெயில், புகை, கதிர்வீச்சு என்று எதனாலாவது டிஎன்ஏ சேதமடைந்தால் எம்டிஎம்2-இன் பிடி தளர்கிறது, பி53 பெருகுகிறது. நான்கு பி53 மூலக்கூறுகள் ஒன்றாகக் கைகோத்து டிஎன்ஏவைப் பற்றுகின்றன. முதல் கட்டளை பி21 என்ற மரபணுவுக்கு: உயிரணு இரண்டாகப் பிரிவதை நிறுத்து. அந்த இடைவெளியில் பழுது சரிசெய்யப்படும். சரிசெய்ய முடியாத அளவு சேதம் என்றால் வேறு மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. அந்த உயிரணு தன்னையே அழித்துக்கொள்கிறது. கூடவே எம்டிஎம்2 மரபணுவையும் பி53-தான் இயக்கிவிடுகிறது. தன்னை அடக்குபவனைத் தானே அழைத்து வருவதால், வேலை முடிந்ததும் பி53 தானாகக் குறைந்துவிடும்.

நான்கு பேர் கைகோத்தால்தான் வேலை நடக்கும் என்பதில் ஒரு பலவீனமும் உண்டு. நால்வரில் ஒருவர் பழுதானாலும் மற்ற மூவரின் பிடியும் கெடலாம். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே இது நடக்கும்.

அந்த எழுத்தை மாற்றுவது எது? சில இடங்களில் தடயம் தெளிவாகவே இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நஞ்சு பி53 மரபணுவில் போய் ஒட்டும் இடங்களும், நுரையீரல் கட்டிகளில் அந்த மரபணு அடிக்கடி கெட்டிருக்கும் இடங்களும் ஒன்றே என்று 1996-ல் காட்டப்பட்டது. சரியாக உலராமல் பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. அது பரவலாக உள்ள சீனா, ஆப்பிரிக்கப் பகுதிகளின் கல்லீரல் கட்டிகளில் பி53-இன் 249-ஆம் இடத்தில் ஒரே மாதிரியான மாற்றம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. கசந்த கடலையைத் துப்பிவிடும் பழக்கம் நல்ல பழக்கம்தான்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே பி53 மரபணு பெரும்பாலும் கெடுவதே இல்லை. எச்பிவி வைரஸின் ஒரு புரதம், நல்ல நிலையில் இருக்கும் பி53-ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. வைரஸ் தொற்றாமல் தடுத்தால் காவலனும் தப்புவான். மலேசியா 2010 முதல் பள்ளி மாணவிகளுக்கும், சிங்கப்பூர் 2019 முதல் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவிகளுக்கும் இதற்குத்தான் தடுப்பூசி போடுகின்றன. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

சில மாற்றங்களுக்குக் காரணமே கிடையாது. உயிரணு பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் தற்செயலாக நேரும் பிழைகள் அவை. "இவருக்கு எப்படி?" என்ற கேள்விக்கு மருத்துவரால் எப்போதும் விடை சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். பி53 பழுதைப் பிறவியிலேயே பெறும் குடும்பங்களும் உண்டு. ஆனால் அவை அரிது.

இந்த ஆய்வு நமக்குத் தூரத்தில் நடப்பதல்ல. லேன் 2004-ல் சிங்கப்பூர் வந்து அங்குள்ள மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் பேராசிரியர் கனக சபாபதி, பி53-ஐயும் அதன் உறவுப் புரதமான பி73-ஐயும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2018-ல் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, ஜார்ஜ் ஆர்வெலின் விலங்குப் பண்ணையைக் கிண்டலாக நினைவூட்டும். அவர்கள் சொல்வது, கெட்டுப்போன பி53 எல்லாம் ஒரே மாதிரி கெட்டவை அல்ல என்பது. சில வடிவங்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. சில புதிதாகக் கெட்ட வேலை செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று தேடுவது அதனால் பலிக்காமல் போகலாம். கெட்ட பிரதியை மட்டும் அடக்கி நல்ல பிரதியைத் தொடாமல் விடும் சிறு ஆர்என்ஏ துண்டுகளைச் சபாபதியின் குழு ஆய்வுக்கூட அளவில் சோதித்துக் காட்டியது.

மருந்து இன்னும் கைக்கு எளிதாக வராததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான மருந்துகள் எதையாவது தடுத்து நிறுத்துபவை. இழந்த வேலையைத் திரும்பச் செய்யவைப்பது அதைவிடக் கடினம். நல்ல பி53 உள்ள கட்டிகளில் எம்டிஎம்2-ஐத் தடுத்து அதை விடுவிக்கும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. ஆனால் அவை இரத்தத் தட்டுகளையும் குறைத்துவிடுகின்றன.

ஆயினும், நாள்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் பி53 கெட்டிருக்கிறதா என்று பார்த்தே எந்த மருந்து என்பதை மருத்துவர்கள் இன்று முடிவு செய்கிறார்கள். கட்டியின் பரிசோதனை அறிக்கையில் 'பி53' என்று எழுதியிருந்தால், அது என்ன காட்டுகிறது, அதனால் சிகிச்சை மாறுமா என்று குடும்பத்தார் மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.