வலையமைப்பு ஆய்வகப் பயிற்சியும் பிழைச்செய்தி மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கணிப்பொறி வலையமைப்பைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் கலைச்சொற்களின் வரையறையோடு தொடங்குகின்றன. ஆயினும் மாணவர் அச்சொற்களின் பொருளை உள்ளவாறு உணர்வது ஆய்வக மேசையில்தான். அங்கு அவர் எதிர்கொள்வது பாடநூலின் விளக்க நடையன்று. கருவி திரையில் காட்டும் ஒருவரிச் செய்திகளின் நடை. அவற்றுள் பல, முயற்சி கைகூடவில்லை என்பதைத் தெரிவிப்பன. எது கைகூடவில்லை, அதனைக் கூறுவது யார் என்னும் இரு நிலைகளில் அவை தம்முள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறையுமாயின் மாணவர் பழுதைத் தேடத் தவறான இடத்திற்குச் செல்வார்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் 2010இல் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, இந்திய மொழிகள் சிலவற்றில் பொறியியல் கற்பிக்க ஒப்புதல் அளித்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. பாடநூல்களோடு ஆய்வகக் கையேடுகளும் தமிழில் தேவைப்படும் இச்சூழலில், பிழைச்செய்திகளின் மொழிபெயர்ப்பை எளிய ஆய்வகப் பயிற்சி ஒன்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பயிற்சியின் அமைப்பு

இப்பயிற்சிக்கு மூன்று கணிப்பொறிகள் போதும். முதற்கணிப்பொறியின் முகவரி 192.168.1.10, இரண்டாவதன் முகவரி 192.168.2.10. இவை இருவேறு வலையமைப்புகளைச் சார்ந்தவை. லினக்ஸ் இயங்கும் மூன்றாம் கணிப்பொறி, 192.168.1.1, 192.168.2.1 என்னும் இரு முகவரிகளைக் கொண்டு, இரண்டிற்கும் இடையே ரவுட்டராகச் செயற்படுகிறது. இரு பக்கமும் சுவிட்ச் வழியாகக் கேபிள்கள் இணைக்கப்பட்டுள்ளன.

முதற்கணிப்பொறியிலிருந்து இரண்டாவதற்குப் பிங் என்னும் ஆணை இடப்படுகிறது. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய இந்நிரலின் பெயர், நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் எழுப்பும் ஒலியைக் குறிப்பது. நிரல் அனுப்புவது எதிரொலி வேண்டும் பொதி. எல்லாம் சீராக இருப்பின் இலக்கிலிருந்து எதிரொலி மீள்கிறது. இதன்பின் ஆசிரியர் பழுதுகளை ஒவ்வொன்றாகப் புகுத்துகிறார். மாணவர் ஒருபுறம் திரையிலுள்ள செய்தியையும், மறுபுறம் வயர்ஷார்க் என்னும் மென்பொருளின் துணையால் கேபிளில் சென்றுவந்த பொதிகளையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்கிறார். செய்தியின் பொருளை உறுதிசெய்யும் சான்று இவ்வொப்பீட்டில் கிடைக்கிறது.

3. நான்கு பழுதுகள்

(அ) இரண்டாம் கணிப்பொறியின் தீயரண், பிங் பொதிகளை ஓசையின்றிக் கைவிடுமாறு அமைக்கப்படுகிறது. திரையில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' எனத் தோன்றுகிறது. வயர்ஷார்க்கில் சென்ற பொதிகள் மட்டுமே உள்ளன, வந்தது ஒன்றுமில்லை. இச்செய்தியைக் கூறியது, காத்திருந்து சலித்த முதற்கணிப்பொறியே.

(ஆ) தீயரண் மாற்றம் நீக்கப்பட்டு, இரண்டாம் கணிப்பொறியின் கேபிள் சுவிட்சிலிருந்து கழற்றப்படுகிறது. சில நொடிகளில் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்னும் செய்தி 192.168.1.1 என்னும் முகவரியிலிருந்து வருகிறது. இலக்கைத் தன் பக்கத்து வலையமைப்பில் வினவிப் பார்த்து விடை பெறாத ரவுட்டர், அனுப்பியவருக்கு அதனைத் தெரிவிக்கிறது.

(இ) கேபிள் மீண்டும் செருகப்படுகிறது. தொலைநுழைவுச் சேவை நிறுத்தப்பட்ட நிலையில் இரண்டாம் கணிப்பொறியின் 22ஆம் போர்ட்டுக்கு இணைப்புக் கோரப்படுகிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்னும் செய்தி உடனே தோன்றுகிறது. இங்கு இலக்குக் கணிப்பொறியே இணைப்பை முறிக்கும் பொதியை அனுப்பியுள்ளது. தீயரண் ஒன்று இலக்கின் பெயரால் இம்மறுப்பை அனுப்புவதும் உண்டு. எவ்வாறாயினும் மறுப்பு என்பது ஒருவர் செய்த செயல்.

(ஈ) முதற்கணிப்பொறி, தன் சொந்த வலையமைப்பிலேயே எக்கணிப்பொறிக்கும் வழங்கப்படாத முகவரி ஒன்றை அழைக்கிறது. விண்டோசில் (ஆ)வில் கண்ட அதே சொற்களே தோன்றுகின்றன. ஆனால் முன்னால் உள்ள முகவரி 192.168.1.10. தன் முயற்சி கைகூடாமையைக் கணிப்பொறி தானே தனக்குக் கூறிக்கொள்கிறது.

பேசுவோர் யார் என்பது மொழிபெயர்ப்பாளர் வலிந்து கண்ட நுட்பமன்று. இச்செய்திகளின் நெறிமுறையை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 792, ஜான் போஸ்டலால் எழுதப்பெற்று 1981 செப்டம்பரில் வெளிவந்தது. இலக்கை அடைய இயலாமை என்னும் செய்தி வகையை அது 0 முதல் 5 வரை ஆறு குறியெண்களாகப் பகுக்கிறது. அவற்றுள் 0, 1, 4, 5 ஆகியன நுழைவாயிலிலிருந்தும், 2, 3 ஆகியன கணிப்பொறியிலிருந்தும் வரக்கூடியன என அது குறிக்கிறது. இன்று ரவுட்டர் எனப்படுவதே அவ்வாவணத்தில் நுழைவாயில் எனப்பட்டது.

4. தமிழ் எதிர்மறையின் பயன்

இச்செய்திகள் அனைத்தையும் 'இணைப்பு இல்லை' என்று பெயர்த்தால் பொருள் பிழையெனக் கூற இயலாது. பயன் இராது என்பதே குறை. ஆங்கிலம் இவற்றை வெவ்வேறு சொற்களால் வேறுபடுத்துகிறது. தமிழில் சொல்லோடு எதிர்மறை அமைப்பும் இதற்கு உதவுகிறது.

(அ)வுக்கு 'நேரம் முடிந்தது' என்னும் நேர்ப்பெயர்ப்பு, தேர்வறையை நினைவூட்டுமேயன்றி நிகழ்ந்ததை உணர்த்தாது. 'காத்திருந்த நேரத்துள் பதில் வரவில்லை' என்பது பொருந்தும். செயவென் எச்சத்தோடு 'இல்லை' சேர்ந்த இவ்வடிவம் நிகழாமையை மட்டும் கூறிக் காரணத்தைப் பற்றி மௌனம் காக்கிறது. கணிப்பொறியும் அவ்வளவே அறியும்.

(ஆ)வுக்கும் (ஈ)க்கும் ஆற்றல் குறித்த எதிர்மறை வேண்டும். 'இயலாது' என்றால் என்றும் இயலாது என்னும் பொதுமை தொனிக்கிறது. கேபிளைச் செருகினால் இயலும். ஆகவே 'இலக்கைச் சென்றடைய இயலவில்லை' என்பதே ஏற்புடையது.

(இ)க்கு 'இணைப்பு ஏற்கப்படவில்லை' என்பது முதற்பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் வடிவத்தால் இதுவும் நிகழாமையே. எதிரில் ஒருவர் இருந்து செயற்பட்டார் என்பதை இது கூறாது. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்பது பொருளால் எதிர்மறையாயினும் வடிவத்தால் உடன்பாட்டு வினை. ஒரு செயல் நிகழ்ந்தது என்பதை அறிவிக்கிறது. இதனைப் படிக்கும் மாணவர், இலக்கு உயிர்ப்புடன் இருக்கிறது, பாதை சீராக இருக்கிறது என்று கொண்டு, முதலில் சேவையையும் தீயரணையும் சரிபார்க்க முற்படுவார். விருப்பின்மையை உணர்த்தும் 'மாட்டு' என்னும் துணைவினை இங்கு இயல்பாக அமையாது. இக்காலத் தமிழில் உயர்திணைக்கு 'ஏற்கமாட்டார்' என வரும் இடத்தில் அஃறிணைக்கு 'ஏற்காது' என்பதே வழக்கு. அவ்வடிவமோ வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கும். எனவே 'மறு' என்னும் தனிவினையே இப்பொருளைத் தெளிவாகச் சுமக்கிறது.

5. 'பதில்' என்னும் சொல்

விண்டோஸ் பிங், (ஆ), (ஈ) ஆகிய செய்திகளையும் 'ரிப்ளை ஃப்ரம்' என்னும் அதே தொடரால் தொடங்குகிறது. நான்கு முயற்சிகளிலும் இத்தகைய செய்தியே வந்தால், நான்கும் பெறப்பட்டன, இழப்பு இல்லை என இறுதியில் கணக்கும் காட்டுகிறது. ஆங்கிலம் நன்கறிந்தவரும் இவ்விடத்தில் இடறுவதுண்டு. இதனை '192.168.1.1இடமிருந்து பதில்' எனப் பெயர்ப்பின் இடர்ப்பாடு மிகும். தமிழில் 'பதில்' என்றவுடன், வினவப்பட்டவரே விடையளித்தார் என்று கொள்வது இயல்பு. உயர்திணைக்குரிய 'இடமிருந்து' அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்தும்.

'192.168.1.1 தெரிவிப்பது: இலக்கைச் சென்றடைய இயலவில்லை' என்று அமைப்பின், தெரிவிப்பவர் வேறு, இலக்கு வேறு என்பது சொல்வரிசையிலேயே புலப்படும். எதிரொலி உண்மையாக வந்த இடத்தில் மட்டும் 'பதில் வந்தது' எனலாம். மூலத்தில் ஒரே தொடர் இருப்பினும் பெயர்ப்பில் இரண்டாகப் பிரிப்பதே முறை. பிறர் கூற்றை உணர்த்தும் '-ஆம்' என்னும் இடைச்சொல் தமிழில் இருப்பினும், ஐயக் குறிப்பும் பேச்சுச் சாயலும் உடைமையால் கருவியின் அறிவிப்புக்கு ஏலாது.

6. முடிவுரை

பிழைச்செய்தியின் சொற்கள் மட்டுமே அதன் மூலபாடமாகா. பேசியவர், பேசிய சூழல் ஆகியவையும் மூலத்தைச் சார்ந்தவை. இவை அகராதியில் கிடைப்பனவல்ல. பழுதைத் தாமே உண்டாக்கிப் பொதிகளைக் கண்ணுறும்போது தெரிய வருவன. ஆதலின் கையேட்டை மொழிபெயர்ப்போர் அதிலுள்ள பயிற்சிகளை ஒருமுறையேனும் செய்து பார்த்தபின் தொடர்களை முடிவுசெய்தல் நன்று.

பெயர்ப்பைச் சோதிப்பதற்கும் ஆய்வகமே இடம். தமிழ்ச் செய்தியை மட்டும் மாணவரிடம் காட்டி, அடுத்து எதனைச் சரிபார்ப்பார் என வினவலாம். மறுப்புச் செய்தியைக் கண்டவர் கேபிளைத் தேடிச் சென்றால், திருத்தப்பட வேண்டியது மாணவரின் அறிவன்று. பெயர்ப்பிலுள்ள வினைச்சொல்லே ஆகும்.