ஆன்லைனில் ஏ.பி.ஏ. பட்டம்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூரு சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ரயில்தான் சோறு போடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி தேடும் பெற்றோருக்கும் பெரும்பாலும் அதே ரயில்தான். அதனால், "வீட்டிலிருந்தே ஏ.பி.ஏ. முதுநிலைப் பட்டம் படிக்கலாம்" என்ற விளம்பரம் இங்குள்ள பட்டதாரிப் பெண்களையும் இளம் ஆசிரியர்களையும் ஈர்ப்பது இயல்பு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே ஒருவர் இருந்தால் எவ்வளவு நல்லது!

ஏ.பி.ஏ. என்பது பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து கிளைத்தது. 1968-ல் இதற்கெனத் தனி ஆய்விதழே தொடங்கப்பட்டது. அடிப்படை எளிது: ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் பலன்தான் அந்தச் செயல் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அம்மா தட்டை வைத்ததும் தள்ளிவிடும் ஐந்து வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். இன்னும் பேச்சு வரவில்லை. அடம் என்கிறார் பாட்டி. ஏ.பி.ஏ. படித்தவர் முதலில் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி பிரிப்பார்: முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் விஷயம் புலப்படும். இட்லியைத் தள்ளுவதில்லை, சோற்றைத் தள்ளுவதில்லை; கையில் ஒட்டும் களியை மட்டும் தள்ளுகிறான். தள்ளியதும் தட்டு அகற்றப்படுகிறது. அப்படியானால் அது அடம் இல்லை, அவனுக்குத் தெரிந்த ஒரே மறுப்பு. கையசைத்தோ படஅட்டையைக் கொடுத்தோ 'வேண்டாம்' சொல்லப் பழக்கி, சொன்ன உடனே தட்டை எடுத்துவிட்டால், தள்ளவேண்டிய தேவையே குறைந்துவிடும். இன்னொரு வீட்டுப் பையன் இதே தட்டை அம்மா ஓடி வரட்டும் என்பதற்காகத் தள்ளலாம். அவனுக்கு இந்த வைத்தியம் உதவாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பவர் இந்தத் துறையைப் படித்தவர் அல்ல.

இந்தத் திறமை வீடியோ பாடத்தில் மட்டும் வராது. அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் வழங்கும் பி.சி.பி.ஏ. சான்றிதழுக்கு முதுநிலைப் பட்டம், குறிப்பிட்ட பாடங்கள், தேர்வு ஆகியவற்றோடு, வழக்கமான முறையில் 2,000 மணி நேர மேற்பார்வையிடப்பட்ட களப்பணியும் வேண்டும். வாரம் இருபது மணி நேரம் என்றாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஆன்லைன் படிப்பு பாடத்தைத் தரும். குழந்தைகளோடு வேலை செய்யும் இடத்தையும் மேற்பார்வையாளரையும் பெரும்பாலும் மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். தங்கவயலில் இருப்பவருக்கு அந்தத் தேடல் பெங்களூரில்தான் போய் முடியும். படிப்புக்காவது ரயில் வேண்டாம் என்று நினைத்தவர் மறுபடி மாரிக்குப்பம் நடைமேடையில் நிற்க நேரும்.

விளம்பரங்கள் சொல்லத் தவறும் பெரிய விஷயம் வேறு. 2023 ஜனவரி முதல் அந்த வாரியம் அமெரிக்கா, கனடா உள்ளிட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது. இந்தியா அதில் இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் இருந்தபடி பட்டத்தை முடித்தாலும் இங்கிருந்து பி.சி.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஐ.பி.ஏ.ஓ., க்யூ.ஏ.பி.ஏ. போன்ற அமைப்புகளின் சான்றிதழ்களை இந்தியாவில் இருந்தே பெறலாம். அவை தொழில்திறனுக்குச் சான்று. இந்தியச் சட்டப்படியான உரிமம் ஆகாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சிறப்பாசிரியராகப் பணிபுரிய, 1992-ன் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு தேவை. அதற்குக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தொழில் இடம்பெற்றிருப்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அதே சட்டத்தைக் காட்டித்தான் யு.ஜி.சி., 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த வேண்டாம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு உத்தரவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு.

ஏ.பி.ஏ. மீதான விமர்சனத்தையும் படிக்க விரும்புவோர் அறிய வேண்டும். 1987-ல் ஐவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு, வாரம் நாற்பது மணி நேரத் தீவிரப் பயிற்சியால் 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகப் பள்ளியில் தேறினர் என்றது. உலகம் முழுவதும் பெற்றோர் இந்த முறையை நாடியதற்கு அது முக்கியக் காரணம். அந்தக் காலப் பயிற்சியில் அதட்டலும் அடியும் இருந்தன. கையை உதறுவதைத் தடுத்ததும், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் தங்களைக் காயப்படுத்தின என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். யாருக்கும் தீங்கு செய்யாத அசைவை நிறுத்துவது சிகிச்சையே அல்ல. குழந்தை அழுதால் பயிற்சியை நிறுத்தக் கற்றுத்தராத படிப்பு எந்த நாட்டுடையதானாலும் வேண்டாம்.

மொழியும் இங்கே ஒரு கேள்வி. தங்கவயலில் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு வராத குழந்தை முதலில் கேட்கப் பழக வேண்டியது தாய் பேசும் மொழியில்தான். அமெரிக்கப் பாடத்திட்டம் இதைச் சொல்லித்தராது. ஊர்க்காரரே செய்ய வேண்டிய வேலை இது.

இங்கேயே இருந்து இங்குள்ள குழந்தைகளுக்குப் பணிபுரிய நினைப்பவர்கள் முதலில் மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்பை முடியுங்கள், ஏ.பி.ஏ. அதற்கு மேல் வரட்டும். பட்டத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவருக்கு இதை முடித்ததும் எந்தச் சான்றிதழ் கிடைக்கும், களப்பணிக்கு மேற்பார்வையாளரை யார் தருவார்கள் என்ற இரண்டுக்கும் கல்லூரியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.