தீப டிக்கெட்டும் ‘ஸ்டெப் 1, 2, 3’ படிவமும்: பின்னணியில் நடப்பது என்ன?

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலுக்குள் மகாதீபம் பார்க்க, 2022-ல் ஆன்லைனில் விட்ட ரூ.600 டிக்கெட் வெறும் 100; ரூ.500 டிக்கெட் 1,000. ஆதார், மொபைல் எண், மெயில் எல்லாம் கட்டாயம். இத்தனையையும் ஒரே பக்கத்தில் கேட்டால் மொபைலில் தலை சுற்றிடும். இதுபோன்ற படிவங்களைப் படிப்படியாகப் பிரிப்பது அதனால்தான்.

ஃபார்ம் பில்டர்னா என்ன?

எந்தப் படியில் எந்தக் கேள்வி, எது கட்டாயம் என்பதை ஜேசான் பட்டியலாக வைத்துவிடுவார்கள். அதைப் படித்துத் திரையை உருவாக்குவதே இந்த காம்போனென்ட். அடுத்த ஆண்டு கேள்வி மாறினால் பட்டியலைத் திருத்தினால் போதும்.

டெவலப்பர்கள் கவனத்துக்கு...

* ‘நெக்ஸ்ட்’ அழுத்தியதும் அந்தப் படியைச் சரிபாருங்கள். 12 இலக்க ஆதாரில் ஓர் எண் விட்டுப்போனால் அங்கேயே சொல்லிடணும். பணம் கட்டும்போது அல்ல.

* ‘பேக்’ போனாலும் நிரப்பியது அழியக் கூடாது. அதற்காக ஆதார் எண்ணை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் போட்டு வைக்காதீங்க.

* பிரவுசரில் செய்யும் சோதனையைத் தாண்டிவிட முடியும். ‘ஒரு ஆதாருக்கு ஒரு டிக்கெட்’ போன்ற விதியை சர்வரில்தான் உறுதிசெய்யணும்.

100 டிக்கெட்டுக்குப் போட்டி போடுபவரிடம் ‘முதலில் இருந்து நிரப்புங்கள்’ என்பது, டிக்கெட் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.