ஜெபம் சரி, எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே?

உபத்திரவ காலத்துக்கு ஆயத்தப்படுங்கள் என்று நம் சபைகளில் பிரசங்கம் உண்டு, உபவாச ஜெபமும் உண்டு. வடக்கே ஊழியர்களை அனுப்பும் நாம், அங்குள்ள சட்டத்தை அவர்களுக்கு ஒருமுறையாவது வாசித்துக் காட்டியிருக்கிறோமா?

உத்தரப் பிரதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள 2021ஆம் ஆண்டு மதமாற்றத் தடைச் சட்டத்தில் ‘ஆசை காட்டுதல்’ என்பதற்குள் பரிசுப் பொருள், இலவசப் படிப்பு, வாழ்க்கை வளமாகும் என்ற பேச்சு எல்லாம் அடங்கிவிடும். குற்றமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மாட்டிக்கொண்டவருடையது. 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். தண்டனை ஆயுள்வரை போகும். ஆகவே ஆராதனை முடிந்த கையோடு அரிசிப் பை கொடுக்கும் வழக்கம் அங்கே வேண்டாம். உதவியை வேறொரு நாளில், கணக்கெழுதிச் செய்யுங்கள். பிற தெய்வங்களைப் பழிக்கும் பிரசங்கம் எந்த ஊரிலும் வேண்டாம்.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமையில் மற்றவரை மதம் மாற்றும் உரிமை சேராது என்று 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டப்படி கூடிய ஜெபத்தை வேண்டுமென்றே குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 300ஆம் பிரிவின்படி குற்றம்.

ஜெபத்தைக் குலைக்கக் கும்பல் வந்துபோன பின், ஸ்டேஷன் மேசையில் போதகர் முன்னால் ஒரு தாளைத் தள்ளுவார்கள். ‘இனிக் கூட்டம் நடத்தமாட்டேன்னு கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ.’ வாசலில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும். கை தானாகப் பேனாவைத் தேடும். வாசிக்காமல் போடாதீர்கள், வக்கீலைக் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அடிபட்டவர்கள் அன்றே அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவுசெய்யட்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் அதையே எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அசையவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கோர்ட்டுக்குப் போவது விசுவாசக் குறைவு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. வாரடிக்கு முன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னவரும், இராயனுக்கு அபயமிட்டவரும் பவுல்தானே?

பெண்கள், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100. இந்த ஞாயிறே சபை அறிவிப்பில் வாசித்துவிடுங்கள்.