கார் சப்வூஃபர் பெட்டியின் காற்றுக்குழல் அளவைக் கணக்கிடுதல்

கார் சப்வூஃபர் பெட்டியின் காற்றுக்குழல் என்பது, தாழ்ந்த ஒலியை வலுப்படுத்துவதற்காக ஒலிபெருக்கிப் பெட்டியில் அமைக்கப்படும் திறந்த குழாய் அல்லது நீள்சதுரப் பிளவு ஆகும். வழக்கில் இது 'போர்ட்' எனப்படுகிறது. இதன் பரப்பளவும் நீளமும் பெட்டியின் கொள்ளளவோடு பொருந்தினால்தான் விரும்பிய அதிர்வெண்ணில் ஒலி வலுப்பெறும். பொருந்தாவிட்டால் குழலில் காற்று இரையும் ஓசை எழும். ஒலிபெருக்கியின் கூம்பு அளவுக்கு மீறி அசைந்து பழுதாகவும் கூடும்.

இயங்கும் விதம்

பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலவும், குழலில் இருக்கும் காற்று அந்த வில்லில் தொங்கும் எடை போலவும் செயல்படுகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் இயல்பாக அதிரும். செருமானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதை விளக்கியதால் இது ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு எனப்படுகிறது.

கருநாடக இசையில் வாசிக்கப்படும் கடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கலைஞர் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து மூடும் அளவை மாற்றும்போது ஒலியின் சுருதி மாறுகிறது. வாய் சிறுத்தால் சுருதி தாழும். சப்வூஃபர் பெட்டியிலும் இதே விதிதான்: குழல் குறுகினாலோ நீண்டாலோ அதிர்வெண் தாழும், அகன்றாலோ குட்டையானாலோ உயரும்.

வரலாறு

ஒலிபெருக்கிப் பெட்டியில் இம்முறையைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமையை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932இல் பெற்றார். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளும் பெட்டி வடிவமைப்பைக் கணக்கின் வழிக்குக் கொண்டுவந்தன. சப்வூஃபருடன் வரும் தாளில் அச்சிடப்படும் அளவுருக்கள் இன்றும் 'தீல்-ஸ்மால் அளவுருக்கள்' என்றே அழைக்கப்படுகின்றன.

தேவையான விவரங்கள்

கணக்கைத் தொடங்க நான்கு விவரங்கள் வேண்டும்.

1. பெட்டியின் நிகரக் கொள்ளளவு, லிட்டரில்.
2. இசைவு அதிர்வெண், ஹெர்ட்ஸில். காருக்கு 30 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை தேர்வு செய்வது வழக்கம்.
3. கூம்பின் பரப்பளவு, சதுர செ.மீ. அளவில்.
4. கூம்பு ஒரு பக்கமாக அசையக்கூடிய உச்ச தூரம், செ.மீ. அளவில்.

முதல் இரண்டுக்கும் தயாரிப்பாளரின் பரிந்துரை பெரும்பாலும் தாளிலேயே இருக்கும். கடைசி இரண்டையும் பெருக்கினால் கூம்பு தள்ளும் காற்றின் அளவு கிடைக்கும்.

குழலின் பரப்பளவு

நீளத்துக்கு முன் பரப்பளவை முடிவு செய்ய வேண்டும். குழல் மிகவும் குறுகலாக இருந்தால் காற்று வேகமாகப் பாய்ந்து 'புஸ்' என்ற இரைச்சல் வரும். காற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் 5 விழுக்காட்டுக்குள், அதாவது நொடிக்குச் சுமார் 17 மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஸ்மால் தந்த வழிகாட்டு விதியை எளிய அலகுகளில் இவ்வாறு எழுதலாம்:

குறைந்தபட்சப் பரப்பளவு (சதுர செ.மீ.) = 8 × அதிர்வெண் × கூம்பு தள்ளும் காற்று (லிட்டர்)

குழலின் நீளம்

வட்டக் குழாய்க்கான சூத்திரம்:

நீளம் (செ.மீ.) = [23,562 × விட்டம் × விட்டம் × குழாய்களின் எண்ணிக்கை ÷ (கொள்ளளவு × அதிர்வெண் × அதிர்வெண்)] − (0.732 × விட்டம்)

விட்டம் என்பது செ.மீ. அளவில் உள்விட்டம். கடையில் 110 மி.மீ. என விற்கப்படும் பி.வி.சி. குழாயில் அந்த எண் வெளிவிட்டத்தைக் குறிக்கும். எனவே உள்ளளவை அளந்து பார்க்க வேண்டும். குழாயின் இரு முனைகளுக்கும் வெளியே சிறிதளவு காற்றும் சேர்ந்து அசைவதால், அதை ஈடுகட்டவே கடைசிப் பகுதி கழிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு

12 அங்குல சப்வூஃபர் ஒன்றின் கூம்புப் பரப்பு 480 சதுர செ.மீ., உச்ச அசைவு 1 செ.மீ. எனக் கொள்வோம். அது தள்ளும் காற்று 0.48 லிட்டர். பெட்டி 50 லிட்டர், இசைவு 35 ஹெர்ட்ஸ்.

தேவையான பரப்பளவு: 8 × 35 × 0.48 = 134 சதுர செ.மீ.

10 செ.மீ. உள்விட்டமுள்ள ஒரே குழாய் என்றால் சூத்திரப்படி நீளம் 31 செ.மீ. மட்டுமே. ஆனால் அதன் பரப்பளவு 78.5 சதுர செ.மீ.; போதாது. அதே நீளத்தில் இன்னொரு குழாயைச் சேர்த்துவிடலாம் என்று எண்ணுவது பரவலாகச் செய்யப்படும் தவறு. அப்படிச் செய்தால் இசைவு 35இலிருந்து ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்துவிடும். இரண்டு குழாய்களுடன் 35 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் ஒவ்வொன்றும் சுமார் 70 செ.மீ. நீளம் இருக்க வேண்டும்.

எனவே 34 செ.மீ. உயரமும் 4 செ.மீ. அகலமும் கொண்ட பிளவு வகைக் குழல் இங்கு ஏற்றது. அதன் பரப்பு 136 சதுர செ.மீ.; அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டம் 13.16 செ.மீ. இதைச் சூத்திரத்தில் இட்டால் நீளம் 57 செ.மீ. வருகிறது. பெட்டியின் பக்கச் சுவரை ஒட்டிச் சென்று, பின்சுவரில் மடக்கி இதை அமைக்கலாம். மடக்கில் நடுக்கோட்டின் வழியே நீளத்தை அளக்க வேண்டும். உள்முனைக்கு எதிரே குறைந்தது குழலின் அகலம் அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும்.

பெட்டியின் மொத்த அளவு

50 லிட்டர் என்பது நிகர அளவு. 1.8 செ.மீ. பலகையில் செய்யப்படும் குழல் தன் பலகையோடு சுமார் 11.2 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒலிபெருக்கிக்கு 3 லிட்டர், தாங்கு கட்டைகளுக்கு 2 லிட்டர் எனச் சேர்த்தால் மொத்தம் 66.2 லிட்டர் தேவை. உள்ளளவு 61.4 × 34 × 31.7 செ.மீ. இருந்தால் இது கிடைக்கும். வெளியளவு ஒவ்வொரு பக்கமும் 3.6 செ.மீ. கூடி 65 × 37.6 × 35.3 செ.மீ. ஆகும். பலகை வெட்டும் முன் இந்த வெளியளவு காரின் டிக்கிக்குள் நுழையுமா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலையின் தாக்கம்

சூத்திரத்தில் உள்ள 23,562 என்ற எண், ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 344 மீட்டர் என்ற அடிப்படையில் அமைந்தது. இது ஏறத்தாழ 21 பாகை செல்சியஸுக்குரிய வேகம். திண்டுக்கல் சமவெளியின் கோடை வெயிலில் 38 பாகை இருக்கும்போது ஒலியின் வேகம் சுமார் 354 மீட்டராகிறது. அப்போது 35 ஹெர்ட்ஸ் பெட்டி 36 ஹெர்ட்ஸில் இசையும். அதே கார் கொடைக்கானல் மலையேறி 15 பாகை குளிரில் நின்றால் 34.6 ஹெர்ட்ஸாகத் தாழும். ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பநிலையே. மலை உயரத்தில் குறையும் காற்றழுத்தம் அன்று. மொத்த வேறுபாடு ஒன்றரை ஹெர்ட்ஸுக்கும் குறைவு என்பதால் இதற்கெனத் தனித் திருத்தம் தேவையில்லை. கொள்ளளவை அளப்பதில் நேரும் பிழைதான் இதைவிடப் பெரிது.

சரிபார்த்தல்

பெட்டிச் சுவர்களைப் பகிரும் பிளவுக் குழல், கணக்கிட்டதைவிடச் சற்றுத் தாழ்வாக இசைவது இயல்பு. குழலைக் குறைக்கலாம், கூட்டுவது கடினம். எனவே பலகையை முதலில் சற்று நீளமாகவே வைப்பது நல்லது.

கைப்பேசிச் செயலியில் ஒற்றை அதிர்வெண் ஒலியை மெதுவான அளவில் ஒலிக்கச் செய்து, 50 ஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த அதிர்வெண்ணில் கூம்பின் அசைவு மிகக் குறைவாகவும், குழலில் காற்றோட்டம் மிகுதியாகவும் உள்ளதோ அதுவே பெட்டியின் உண்மையான இசைவு. அது தாழ்வாக இருந்தால் குழலைச் சிறிது சிறிதாக வெட்டி உயர்த்தலாம்.

கவனிக்க வேண்டியவை

இசைவுக்குக் கீழுள்ள அதிர்வெண்களில் பெட்டிக் காற்று கூம்பைத் தாங்குவதில்லை. அங்கே மின்திறன் கூடினால் கூம்பு எல்லை மீறி அசைந்து சுருள் சேதமடையும். இதைத் தவிர்க்க, ஒலிப்பெருக்கச் சாதனத்தில் உள்ள 'சப்சோனிக்' வடிகட்டியை இசைவுக்குச் சில ஹெர்ட்ஸ் கீழே அமைக்க வேண்டும்.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளுக்கான வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல். தாழ்ந்த ஒலி சுவர்களை எளிதில் ஊடுருவும் என்பதால், தெருக்களில் செல்லும்போது ஒலியளவைக் குறைப்பது அவசியம்.