காட்டு அன்னங்கள் கதையை ஒட்டிய கலப்பு ஊடகக் கலைப்படைப்பு

கலப்பு ஊடகக் கலை என்பது வண்ணம், தாள், துணி, நூல், மரம், உலர்ந்த செடி போன்ற பல வகைப் பொருள்களை ஒரே படைப்பில் சேர்த்துப் பயன்படுத்தும் கலைமுறை ஆகும். தேவதைக் கதைகளையும் இயற்கைப் பொருள்களையும் இணைத்துச் செய்யும் படைப்புகள் இதில் ஒரு வகை. இவற்றில் இலையும் பூவும் இறகும் வெறும் அலங்காரமாக நின்றுவிடுவது ஒரு பொதுவான குறை. கதையிலேயே ஒரு தாவரம் முதன்மையான இடத்தைப் பெற்றிருந்தால் இக்குறையைத் தவிர்ப்பது எளிது. டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் (1805–1875) 1838இல் வெளியிட்ட "காட்டு அன்னங்கள்" அத்தகைய கதையாகும்.

கதையும் அதன் தாவரமும்

மாற்றாந்தாயின் மந்திரத்தால் பதினோரு இளவரசர்கள் அன்னங்களாக மாறிவிடுகின்றனர். பகலில் அன்னங்களாகவும் கதிரவன் மறைந்தபின் மனிதர்களாகவும் இருக்கும் அவர்களை மீட்கத் தங்கை எலிசாவுக்கு ஒரே வழிதான் உண்டு. குகையைச் சுற்றியும் கல்லறைகளின் மேலும் வளரும் காஞ்சொறிச் செடிகளைப் பறித்து, காலால் மிதித்து நாரெடுத்து, நீண்ட கைகள் கொண்ட பதினோரு சட்டைகள் பின்ன வேண்டும். வேலை முடியும்வரை ஒரு சொல் பேசினாலும் அண்ணன்மார் இறந்துவிடுவர். சூனியக்காரி என்று பழி சுமத்தி அவளை எரிக்க வண்டியில் கொண்டுசெல்லும்போதும் அவள் பின்னிக்கொண்டே செல்கிறாள். இறுதிச் சட்டையில் ஒரு கை முடியாததால், கடைசி அண்ணனுக்கு ஒரு கைக்குப் பதிலாக அன்னத்தின் சிறகே எஞ்சுகிறது.

கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட "ஆறு அன்னங்கள்" கதையிலும் இதே அமைப்பு உண்டு. அங்கே சட்டைகள் விண்மீன் வடிவப் பூக்களால் ஆனவை. ஆண்டர்சனின் கதையில் பூவின் இடத்தில் காஞ்சொறி வருவதால், ஒவ்வொரு சட்டையும் அவள் தாங்கிய வலியின் அளவாகிறது.

இக்கதையில் குறிப்பிடப்படுவது உர்டிகா டையோயிகா என்னும் ஐரோப்பியக் காஞ்சொறி. இதன் சுணை ஊசி போன்றது. அதன் நுனி தோலில் பட்டு முறியும்போது ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்கள் உட்புகுந்து எரிச்சலை உண்டாக்குகின்றன. தமிழ்நாட்டில் வேலியோரம் படரும் செந்தட்டியும் சுணையால் அரிப்பு ஏற்படுத்துவதே. ஆயினும் அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி.

காஞ்சொறித் துணி கற்பனைப் பொருள் அன்று. அச்செடியின் தண்டில் நெய்வதற்கு ஏற்ற நார் உள்ளது. ஆண்டர்சன் பிறந்த ஓடன்ஸ் நகரம் இருக்கும் அதே ஃபூன் தீவில், லூசெஹோய் என்னும் புதைமேட்டில் கிடைத்த ஏறத்தாழ 2,800 ஆண்டுப் பழமையான துணி காஞ்சொறி நாரால் ஆனது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

முன்னோடிகள்

இங்கிலாந்தின் மேரி டெலானி 1772இல், தம் 72ஆம் வயதில், வண்ணத்தாள்களை நுணுக்கமாக வெட்டி ஒட்டிப் பூச்செடிகளை உருவாக்கத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை பத்தாண்டுகளில் அவர் செய்த 985 தாள்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. சிலவற்றில் உண்மையான உலர்ந்த இலைகளும் ஒட்டப்பட்டுள்ளன. பாப்லோ பிக்காசோ 1912இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, கயிற்றால் சட்டம் அமைத்தது நவீனக் கலையில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது.

ஆண்டர்சனும் கத்தரிக்கோல் கலைஞரே. தாளை மடித்து வெட்டி உருவங்கள் செய்வதில் அவர் பெயர் பெற்றவர். 1873–74இல், நோயுற்றிருந்த காலத்தில், அச்சுப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு பெரிய மடிப்புத் திரையை அவர் உருவாக்கினார். அண்மைக் காலத்தில், அப்போது டென்மார்க் அரசியாக இருந்த இரண்டாம் மார்கரேத் ஒட்டுச்சித்திரங்கள் பல செய்தார். அவை 2009இல் வெளியான "காட்டு அன்னங்கள்" திரைப்படத்தின் காட்சிப் பின்னணிகளாகப் பயன்பட்டன.

பொருள் தேர்வு

ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன் அது கதையில் செய்யும் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். பட்டியல் சுருங்கினால் படைப்பு தெளிவாகும்.

நார்: காஞ்சொறி கிடைக்காத இடங்களில் சணல், வாழைநார், கற்றாழை நார் ஆகியவை பொருந்தும். இவை குத்துவதில்லை. எனவே வலியை வேறு வகையில் உணர்த்த வேண்டும். முறுக்கேறாத, பிசிறு நீட்டி நிற்கும் நாரைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. உண்மையான காஞ்சொறியைக் கையாள்வோர் தடித்த கையுறை அணிய வேண்டும்.

இலை: வாள்முனை போன்ற விளிம்புடைய இலைகளை அழுத்தி உலர்த்தலாம், அல்லது வண்ணம் தடவித் தாளில் அச்செடுக்கலாம். அச்சு காலப்போக்கில் நொறுங்காது.

இறகு: காட்டுப் பறவைகளின் இறகுகளைச் சேகரிப்பது பல நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம், தரையில் உதிர்ந்து கிடக்கும் இறகுகளுக்கும் பொருந்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பண்ணைக் கோழி அல்லது வாத்தின் இறகைக் கழுவி உலர்த்திப் பயன்படுத்துவதும், தாளில் இறகு வெட்டிக்கொள்வதும் பாதுகாப்பான வழிகள்.

செய்முறை

1. தளம்: மெல்லிய அட்டை ஈரத்தில் வளைந்துவிடும். ஏறத்தாழ 40 × 50 செ.மீ. அளவுள்ள ஒட்டுப்பலகையே ஏற்றது. முன்னும் பின்னும் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளைப் பூச்சைத் தடவி உலரவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையக்கூடும்.

2. உலர்த்தல்: இலைகளை உறிஞ்சுதாளுக்கு இடையில் வைத்து, மேலே எடை ஏற்ற வேண்டும். முதல் சில நாள்கள் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தடித்த இலைகள் உலர இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம்.

3. பின்னணி: குகை, கடல், வானம் ஆகியவற்றை முதலில் வண்ணத்தால் தீட்ட வேண்டும். உலர்ந்த பசையின் மேல் நீர்வண்ணம் சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டும் வேலை பின்னரே வர வேண்டும்.

4. அடுக்குதல்: தாள், துணி, நார், இறகு என மெல்லியதிலிருந்து தடித்ததை நோக்கிச் செல்வது வழக்கம். தாளுக்கும் துணிக்கும் பி.வி.ஏ. பசை போதும். நாரைப் பசையால் ஒட்டினால் அது விறைத்துப் பளபளக்கும். ஆகவே நாரைத் துணியில் தைத்து, பின்னர் துணியை ஒட்டுவது நல்லது.

5. சட்டைகள்: ஆறு செ.மீ. உயரத்தில் பதினோரு சிறு சட்டைகளைத் தைக்கலாம். முதல் சட்டைகளில் தையல் நெருக்கமாகவும் சீராகவும் இருக்கட்டும். வண்டியில் பின்னிய கடைசிச் சட்டையில் அது அவசரமாகவும் தளர்ந்தும் இருக்கட்டும். அதன் ஒரு கையைச் செய்யாமல் விட்டு, நூலைத் தொங்கவிட வேண்டும். அந்த வெற்றிடத்துக்கு அருகில் மட்டும் ஓர் இறகு இருந்தால், பார்ப்பவர் கண் அங்கே செல்லும்.

6. மௌனம்: எலிசா பேசாமல் இருப்பது கதையின் மையம். படைப்பில் எழுத்துகளைச் சேர்க்காமல் விடுவதே அதற்குப் பொருத்தம்.

நீடித்திருத்தல்

செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியிலும் காற்றிலும் மாற்றமடைந்து தாளை மஞ்சளாக்குகிறது. எனவே முதன்மைப் பகுதிகளுக்கு அமிலமற்ற தாள் தேவை. இலையின் பச்சையமும் பூக்களின் செந்நிறம், நீலநிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனினும் ஒளியில் சிதைகின்றன. கதையின் முடிவில் எரிவிறகு வேர்விட்டு ரோஜாப் புதராகிறது. அங்கே உண்மையான சிவப்பு இதழை ஒட்டினால் நாளடைவில் பழுப்பாகிவிடும். நிறம் நிலைக்க வேண்டிய இடத்தில் நிறமி வண்ணம் தீட்டிய தாளும், மாறினாலும் கேடில்லாத இடத்தில் உண்மையான இலையும் என்று பிரித்துக்கொள்வது உகந்தது. பச்சை இலை பழுப்பாவது இக்கதையில் பொருந்தாத மாற்றம் அன்று. பறித்த செடி நாராகும் வழியில் அதுவும் ஒரு கட்டமே.

உலர்ந்த செடியிலும் இறகிலும் பூச்சிகளின் முட்டைகள் இருக்கலாம். முழுதும் உலர்ந்த பொருள்களைக் காற்றுப் புகாத நெகிழிப் பையில் மூடி, உறைபெட்டியில் ஒரு வாரம் வைப்பது அவற்றை அழிக்க உதவும். உலர்தாவர நிலையங்களும் உறையவைக்கும் முறையைக் கையாள்கின்றன. முடிந்த படைப்பை ஆழமான சட்டத்தில், கண்ணாடி தொடாதவாறு இடைவெளி விட்டுப் பொருத்தி, நேரடி வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்ட வேண்டும்.

மதிப்பிடல்

கதை தெரியாத ஒருவரிடம் படைப்பைக் காட்டுவது எளிய சோதனை. ஒரு சட்டைக்கு மட்டும் ஏன் கை இல்லை என்று அவர் கேட்டால், படைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது எனலாம். இலைகள் அழகாக உள்ளன என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால், பொருள்கள் மிகுந்து கதை மறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது புதிதாக எதையும் சேர்க்காமல், கதையில் வேலை இல்லாத பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதே பயன் தரும்.